ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இருக்கிறது, பிங் போகிறது, பிறகும் கிளஸ்டர் ஏன் சேரவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று உபுண்டு சர்வர்கள்: மாஸ்டர், வொர்க்கர்1, வொர்க்கர்2. மூன்றையும் ஒரே கூட்டாக, அதாவது கிளஸ்டராக, இயக்குவதற்கு, தரவைப் பல இயந்திரங்களில் பிரித்து வைக்கும் ஹடூப் 3-ஐ மூன்றிலும் நிறுவியிருக்கிறீர்கள். மாஸ்டரின் இடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் 10.0.0.11, 10.0.0.12, 10.0.0.13 என்ற முகவரிகளுக்கு நேராக மூன்று பெயர்களையும் எழுதி, அந்தக் கோப்பை அப்படியே மற்ற இரண்டு இயந்திரங்களுக்கும் நகலெடுத்திருக்கிறீர்கள். எங்கிருந்து எந்தப் பெயருக்கு பிங் (ஓர் இயந்திரம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டாலும் பதில் வருகிறது. ஆனால் மாஸ்டரின் வலைப்பக்கம் லைவ் நோட்ஸ் 1 என்று மட்டும் காட்டுகிறது, அந்த ஒன்றும் மாஸ்டரிலேயே ஓடும் டேட்டாநோடு (தரவைச் சேமித்து வைக்கும் ஹடூப் நிரல்). வொர்க்கர்களின் லாகில் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வந்துகொண்டே இருக்கிறது. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தும் பயனில்லை. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றைத் தனியாக வைத்தால்தான் இது தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஎன்எஸ் சர்வர் வேண்டாம். மூன்று இயந்திரங்களுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும். பெயர் முகவரியாக மாறத்தான் செய்கிறது, ஆனால் தவறான முகவரியாக மாறுகிறது. பிங் அந்தத் தவறை மறைத்துவிடுகிறது. 14 வருடமாக லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். கிளஸ்டர் சேரவில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் இந்த ஒரு காரணத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஹடூப்பில் மட்டும் இல்லை, மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸிலும், பல சர்வர்களில் ஓடும் தரவுத்தளமான ஆரக்கிள் ராக்கிலும் இதே கோளாறு வேறு வேறு எர்ரர் செய்தியோடு வரும்.

மாஸ்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, நீங்கள் எழுதிய மூன்று வரிகளுக்கு மேலே பாருங்கள். முதல் வரி 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட். அதற்கு அடுத்து 127.0.1.1 மாஸ்டர் என்று ஒரு வரி இருக்கும். அதை நீங்கள் எழுதவில்லை, உபுண்டுவை நிறுவும்போதே எழுதப்பட்டது. டெபியனில் தொடங்கி உபுண்டுவுக்கு வந்த பழக்கம் இது. ஒரு கணினிக்கு நிலையான முகவரி இல்லாதபோதும் அதன் சொந்தப் பெயர் ஏதோ ஒரு முகவரியாக மாற வேண்டும், இல்லையென்றால் சில நிரல்கள் தடுமாறும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இன்று ஒரு வைஃபை, நாளை இன்னொன்று என்று மாறிக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கு இது சரியான தீர்வுதான். நிலையான முகவரி உள்ள இயந்திரத்தில் 127.0.1.1க்குப் பதிலாக அந்த நிலையான முகவரியையே எழுத வேண்டும் என்று டெபியனின் கையேடும் சொல்கிறது. கிளஸ்டர் அமைக்கும்போது இந்த மாற்றத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் கோப்பில் மாஸ்டர் என்ற பெயர் இரண்டு வரிகளில் இருக்கிறது, மேலே 127.0.1.1, கீழே 10.0.0.11. கீழே எழுதியது மேலே இருப்பதை ரத்து செய்யாது. பெயரைத் தேடும் நிரலுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மேல் வரிதான். எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற கணக்கை மாஸ்டரில் வைத்திருக்கும் ஹடூப்பின் நேம்நோடு தொடங்கும்போது கோர்-சைட் கோப்பில் எஃப்எஸ்.டிஃபால்ட்எஃப்எஸ் என்ற இடத்தில் நீங்கள் கொடுத்த பெயரைப் படிக்கிறது. அதை முகவரியாக மாற்றி, அந்த முகவரியின் 8020 போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில்) மட்டும் காது கொடுத்து உட்காருகிறது. முகவரி 127.0.1.1 என்று வந்தால் அந்த இயந்திரத்துக்கு வெளியே இருந்து யாரும் அதை எட்ட முடியாது. மாஸ்டரிலேயே இருக்கும் டேட்டாநோடு மட்டும் எட்டும். நீங்கள் பார்க்கும் லைவ் நோட்ஸ் 1 அதுதான். வலைப்பக்கத்தில் டேட்டாநோட்ஸ் பிரிவுக்குப் போய் அந்த ஒரே நோடின் முகவரியைப் பாருங்கள், 127 என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அந்த வலைப்பக்கம் மட்டும் வெளியிலிருந்து எப்படித் திறக்கிறது என்று தோன்றலாம். அதன் 9870 போர்ட் எந்தப் பெயரையும் சாராமல் 0.0.0.0 என்ற முகவரியில், அதாவது எல்லா நெட்வொர்க் கார்டுகளிலும் திறப்பதுதான் ஹடூப்பின் இயல்பு. பக்கம் திறக்கிறதே, மாஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் ஏமாறும் இடம் இது.

இது பாதிதான். மாஸ்டரின் கோப்பை அப்படியே வொர்க்கர்களுக்கு நகலெடுத்தபோது 127.0.1.1 மாஸ்டர் என்ற வரியும் கூடவே போய்விட்டது. லினக்ஸில் 127.0.0.1 மட்டும் லூப்பேக் (தன்னையே குறிக்கும் முகவரி) இல்லை, 127 என்று தொடங்கும் முழு வரிசையுமே அந்தந்த இயந்திரத்தைத்தான் குறிக்கும். ஆகவே வொர்க்கர்1 மாஸ்டரைத் தேடும்போது தன்னையே கூப்பிடுகிறது. அங்கே 8020 போர்ட்டில் யாரும் இல்லை, அதனால் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட். ஆக உங்களிடம் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே செய்தியைத் தருகின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் செய்தி மாறாது. அப்போது, இதுவும் காரணம் இல்லை போல என்று நினைத்து, செய்த சரியான மாற்றத்தையே பழையபடி ஆக்கிவிடும் அபாயம் இருக்கிறது. பலர் நாள் கணக்கில் சுற்றுவது இதனால்தான்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் தகவல் வொர்க்கரின் லாகிலேயே இருக்கிறது. ஹடூப் இணைய முயலும் ஒவ்வொரு முறையும் பெயரையும், அதை எந்த முகவரியாக மாற்றியது என்பதையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு எழுதும். அங்கே மாஸ்டர்/127.0.1.1:8020 என்று இருந்தால் தவறு வொர்க்கரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில். மாஸ்டர்/10.0.0.11:8020 என்று இருந்தால் வொர்க்கர் சரியான கதவைத்தான் தட்டுகிறது, மாஸ்டர்தான் அந்தக் கதவைத் திறக்கவில்லை. எர்ரர் வரியின் கடைசிச் சொற்களை மட்டும் படித்துவிட்டுத் தேடப் போகிறோம், நடுவில் இருக்கும் இந்த முகவரியைப் பார்ப்பதில்லை.

பிங்கை ஏன் நம்பக்கூடாது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். வொர்க்கர்1-இலிருந்து மாஸ்டருக்குப் போட்ட பிங் வொர்க்கர்1-க்கே போய், வொர்க்கர்1-இடமிருந்தே பதில் வாங்கி வந்திருக்கிறது. முதல் வரியில் அச்சாகும் முகவரியைப் பாருங்கள். நேரத்தையும் பாருங்கள். 0.03 மில்லிசெகண்ட் என்ற அளவில் இருந்தால் அந்த பிங் கேபிளில் ஏறவே இல்லை, பக்கத்து இயந்திரத்துக்குப் போய் வர அதைவிடப் பல மடங்கு ஆகும்.

டிக், என்எஸ்லுக்அப் என்ற இரண்டும் இந்தச் சோதனைக்கு உதவாது. அவை நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்பவை, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தே பார்க்காதவை. கோப்பில் பெயர் இருந்தும் டிக் இல்லை என்று சொன்னால் அது கோளாறு இல்லை. டிக் சரியான முகவரியைச் சொன்னாலும் உங்கள் நிரலுக்கு அதே முகவரிதான் கிடைக்கும் என்று அர்த்தமும் இல்லை. நிரல்கள் பெயரைத் தேடும் வழி வேறு. இடிசியில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரி எந்த வரிசையைச் சொல்கிறதோ, அந்த வரிசையில் தேடும். வழக்கமாக முதலில் ஃபைல்ஸ், பிறகு டிஎன்எஸ். அதே வழியில் தேடிக் காட்டும் கட்டளை கெட்என்ட். கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் மாஸ்டர் என்று போட்டால், இன்றைய நிரல்கள் பயன்படுத்தும் அதே கெட்அட்ரின்ஃபோ அழைப்பின் விடை கிடைக்கும். ஏஹோஸ்ட்ஸ் என்பதில் உள்ள முதல் எழுத்தை விட்டுவிடாதீர்கள், வெறும் ஹோஸ்ட்ஸ் என்று கேட்டால் பழைய அழைப்பின் வழியே போகும், விடை சில சமயம் மாறும்.

மூன்று இயந்திரங்களிலும் மூன்று பெயர்களையும் இப்படிக் கேளுங்கள். மொத்தம் ஒன்பது விடைகள். ஒரு பெயருக்கு மூன்று இடத்திலும் ஒரே முகவரி வர வேண்டும், எதுவும் 127 என்று தொடங்கக்கூடாது. குறிப்பாக ஒவ்வொரு இயந்திரமும் தன் சொந்தப் பெயருக்குச் சொல்லும் விடையைக் கவனியுங்கள். மற்ற இயந்திரங்களின் பெயரை எல்லோரும் சோதிக்கிறார்கள், தன் பெயரைத் தன்னிடமே கேட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு மாஸ்டரில் எஸ்எஸ் கட்டளையை எல், என், டி, பி என்ற நான்கு எழுத்துகளோடு கொடுத்து 8020 போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.1.1:8020 என்று இருந்தால் முன்பு சொன்னது நிரூபணம்.

திருத்தம் சிறியது. மூன்று கோப்புகளிலும் 127.0.1.1 வரியை நீக்குங்கள். 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியையும், ஐபிவி6-க்கான வரிகளையும் தொடாதீர்கள், லோக்கல்ஹோஸ்ட் இல்லாவிட்டால் வேறு பல நிரல்கள் உடையும். ஆனால் லோக்கல்ஹோஸ்ட் வரியின் கடைசியில் இயந்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ரெட்ஹேட் வகை சர்வர்களில் 127.0.1.1 வரி கிடையாது, அங்கே இதே தவறு இந்த வடிவில் வரும். பிறகு உங்கள் மூன்று வரிகளில், முகவரிக்கு அடுத்து முழுப் பெயர், அதற்கு அடுத்து சுருக்கப் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். முகவரிக்கு அடுத்து முதலில் வருவதைத்தான் லினக்ஸ் அதிகாரபூர்வப் பெயராக எடுத்துக்கொள்ளும், ஹோஸ்ட்நேம் கட்டளை முழுப் பெயர் என்று காட்டுவதும் அதையே. இன்று உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பின்னால் கெர்பரோஸ் (வருபவர் யார் என்று சரிபார்க்கும் பாதுகாப்பு ஏற்பாடு) போடும் நாள் வந்தால் வரிசை மாறியதற்காக ஒரு முழு நாள் போய்விடும்.

ஹடூப்பில் எதிர்த் திசையும் முக்கியம். ஒரு டேட்டாநோடு வந்து சேரும்போது நேம்நோடு அதன் முகவரியை வைத்துப் பெயரைத் தேடும். கிடைக்காவிட்டால், பெயர் தெரியவில்லை என்று காரணம் சொல்லி அந்த நோடை மறுத்துவிடும். ஆகவே மாஸ்டரில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் 10.0.0.12 என்று முகவரியைக் கொடுத்தும் கேட்டுப் பாருங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பு இரண்டு திசைக்கும் விடை சொல்லும் என்பதால், அந்த வரி சரியாக இருந்தால் வேறு வேலை இல்லை.

கோப்பைத் திருத்திய பிறகு நேம்நோடையும் டேட்டாநோடுகளையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். நேம்நோடு தொடங்கும்போது ஒரு முறை பிடித்த முகவரியை, கோப்பு மாறிவிட்டது என்பதற்காக விடாது. என்எஸ்சிடி (பெயர்த் தேடலின் விடைகளை நினைவில் வைக்கும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தால் அதன் கேஷையும் காலி செய்யுங்கள், பழைய விடையை அது வைத்திருக்கக்கூடும்.

தேடினால் வேறு ஒரு தீர்வும் உங்கள் கண்ணில் படும்: டிஎஃப்எஸ்.நேம்நோடு.ஆர்பிசி-பைண்ட்-ஹோஸ்ட் என்ற அமைப்பில் 0.0.0.0 என்று கொடுங்கள் என்பார்கள். அது வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஒரு சர்வருக்கு இரண்டு மூன்று நெட்வொர்க் கார்டுகள் இருந்து, எல்லாவற்றிலும் நேம்நோடு கிடைக்க வேண்டும் என்ற தேவைக்காக உள்ள அமைப்பு அது. உங்கள் நிலைமையில் அதைப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாஸ்டர் கதவைத் திறக்கும், ஆனால் வொர்க்கர்கள் தங்களையே கூப்பிடும் கோளாறு அப்படியே இருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தச் சர்வருக்கு வெளியுலக முகவரி ஒன்று இருந்தால் 8020 போர்ட் அதிலும் திறந்துவிடும். கெர்பரோஸ் இல்லாத ஹடூப், வருபவர் தன் பெயர் என்று எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும். நீங்கள் ஃபயர்வாலை வேறு அணைத்து வைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்த உடனே அதைத் திரும்பப் போடுங்கள், மூன்று இயந்திரங்களும் தங்களுக்குள் பேச மட்டும் அனுமதி கொடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதுவரை சொன்னவை எப்படி நடக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் மூன்று இயந்திரங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது என்பது மட்டும், நீங்கள் கொடுத்த விவரத்திலிருந்து நான் செய்த கணிப்பு. கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் நீங்கள் தரவில்லை. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் இயந்திரம் வரை போய்விட்டோம், அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்று பொருள். ஃபயர்வால் தடுத்தால் வழக்கமாக நேரம் கடந்துபோய் டைம்அவுட் வரும், ஆனால் மறுத்துப் பதில் அனுப்பும்படி அமைத்த ஃபயர்வாலும் இதே செய்தியைத் தர முடியும். லைவ் நோட்ஸ் 1 என்று வருவதால் நேம்நோடு ஓடுகிறது என்பது உறுதி. கெட்என்ட் ஒன்பது விடைகளும் சரியாக வந்து, எஸ்எஸ் 10.0.0.11:8020 என்று காட்டி, பிறகும் இணையவில்லை என்றால் என் கணிப்பு தவறு என்று வைத்துக்கொண்டு, சர்வர் கொடுத்த நிறுவனத்தின் தரப்பில் உள்ள நெட்வொர்க் விதிகளைப் பாருங்கள்.

பெயரிலேயே சிக்கல் இருக்கும் இரண்டு நிலைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியில் உள்ள பெயர்கள் சுருக்கி எழுதியவையாக இருக்கலாம் என்பதால். பெயரில் அடிக்கோடு இருந்தால் ஜாவா அதைச் சரியான ஹோஸ்ட் பெயராக ஏற்காது. லினக்ஸில் எல்லாச் சோதனையும் தேறும், ஹடூப் மட்டும் பெயர் சரியில்லை என்று நிற்கும். அடிக்கோட்டுக்குப் பதில் இணைப்புக்கோடு போடுங்கள். அடுத்து, பெயர் .லோக்கல் என்று முடிந்தால் மாற்றிவிடுங்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை அந்த முடிவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் அதே நெட்வொர்க்கில் உள்ள இயந்திரங்களையே கேட்கும் முறைக்கு) ஒதுக்கிவிட்டது. டெஸ்க்டாப் உபுண்டுவை சர்வராகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதனால் டிஎன்எஸ் வரை தேடலே போகாமல் நின்றுவிடும். உள் நெட்வொர்க்குக்கு .இன்டர்னல் என்ற முடிவை 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகான் ஒதுக்கியிருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் திருத்திய கோப்பை அப்படியே சர்வரில் போட்டிருந்தால் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், கேட் கட்டளையைப் பெரிய ஏ எழுத்தோடு கொடுத்தால் தெரிந்துவிடும்.

சரி, எல்லாம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இன்கம்பாட்டிபிள் கிளஸ்டர்ஐடி என்று ஒரு புதிய செய்தி வந்தால் பயப்பட வேண்டாம், பெயர்க் கோளாறு திரும்பவில்லை. இத்தனை நாள் முயற்சியில் நேம்நோடை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஃபார்மட் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கிளஸ்டருக்குப் புது அடையாளம் கிடைக்கும், டேட்டாநோடு பழையதையே வைத்திருக்கும். உள்ளே தரவு எதுவும் இல்லை என்பது உறுதியானால் மட்டும் அந்த டேட்டாநோடின் தரவு அடைவைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிஎன்எஸ் எப்போது வேண்டும் என்று கேட்டால், இயந்திரங்கள் பத்தைத் தாண்டும்போது யோசிக்கலாம் என்பது என் அனுபவத்தில் வந்த கணக்கு, விதி இல்லை. ஒரு காலத்தில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதுக்கும் ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்புதான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது, எல்லோரும் அங்கிருந்து நகலெடுத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் பெருகி நகல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆனதால்தான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். மூன்று கோப்புகளைக் கையால் ஒத்துவைக்கலாம். முப்பதை முடியாது, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் அன்சிபிள் போன்ற ஒன்றால் ஒரே மூலத்திலிருந்து எழுத வைக்க வேண்டும். டிஎன்எஸ் வைத்தாலும் கூட 127.0.1.1 வரி இருக்கும் வரை ஃபைல்ஸ் முந்திக்கொள்ளும், உங்கள் கோளாறு அப்படியே தொடரும்.

கடைசியாக, செய்த திருத்தம் நிலைக்குமா என்று பார்க்காமல் விடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நான்கு மாதம் நன்றாக ஓடிய கிளஸ்டர், கெர்னல் அப்டேட்டுக்காக மறுதொடக்கம் செய்த இரவில் சிதறிப்போனது. கிளவுட்-இனிட் என்ற நிரல் ஒவ்வொரு பூட்டிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தன் டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாக எழுதும்படி அமைந்திருந்தது, நாங்கள் நீக்கிய 127.0.1.1 வரி திரும்ப வந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் செய்த திருத்தம் யாருக்கும் நினைவில் இல்லை, விடியும் வரை நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருந்தோம். உங்கள் கோப்பின் தலையில் மேனேஜ்_இடிசி_ஹோஸ்ட்ஸ் என்ற பெயர் வரும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த அமைப்பை அணையுங்கள், அல்லது டெம்ப்ளேட்டையே திருத்துங்கள். பிறகு வொர்க்கர்2-ஐ மட்டும் மறுதொடக்கம் செய்து, அதில் கெட்என்ட் சோதனையை மூன்று பெயர்களுக்கும் மீண்டும் போடுங்கள். விடை மாறவில்லை என்றால் வொர்க்கர்1, அதற்குப் பிறகு மாஸ்டர்.